வெறுங்கையோடு அனுப்பாத வீடுகள்

பரிசு கொண்டு போகிறவளுக்கு இரண்டு முதலாளிகள்: அனுப்புகிறவர் ஒருவர், கதவைத் திறக்கிறவர் ஒருவர். டிப்ஸை யார் தர வேண்டும் என்பது இருவருக்கும் தெரியாது. நமக்கோ கேட்க வாய் வராது. ஸ்கூட்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அலைகிற சக ஜீவன்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மன்னார்குடியில் ஒரு கிஃப்ட் கடைக்காக நானும் அப்படித்தான் அலைகிறேன்.

தலைகீழ்ச் சீர்

பொங்கல் சீர் என்றால் அப்பா மகளுக்கு அனுப்புவது. இந்தப் பெட்டியோ மகளிடமிருந்து அப்பாவுக்கு. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் கடைக்கு போன் செய்து வேட்டியும் துண்டும் சொல்லியிருந்தாள். "என் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்கா. அதுலேர்ந்து அப்பா பேசுறதில்ல. இத வாங்கிக்கிட்டாருன்னா மட்டும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றாள்.

வயலை ஒட்டின வீடு. மகள் பெயரைச் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது. பெட்டியைத் தொடவே இல்லை. ஆனால் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து நீட்டினார். நானும் மரியாதைக்கு வாங்கிக்கொண்டேன். "இவ்ளோ தூரம் வந்திருக்க, வெறுங்கையோட அனுப்பினா நல்லாருக்காதும்மா. இத வச்சுக்க, அத எடுத்துட்டுப் போ."

குவைத்திலிருந்து கேக்

அன்றைக்கு அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு நான் போன் செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை. அதுதான் மனசை அறுத்தது.

அடுத்த மாதம் கூத்தாநல்லூரில் ஒரு வீடு. குவைத்தில் இருக்கிற கணவர், மனைவியின் பிறந்தநாளுக்குக் கேக் சொல்லி, டிப்ஸையும் சேர்த்தே அனுப்பிவிட்டார். இப்படி நாலு பேர் இருந்தால் நம் பிழைப்பு ஓடாதா! அவர் மனைவி கேக்கை வாங்கி வைத்துவிட்டு பர்ஸோடு வந்தாள். நான்தான் பெரிய நியாயஸ்தியாயிற்றே, "உங்க வீட்டுக்காரர் அங்கேயே குடுத்துட்டாரும்மா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் முகம் வாடிவிட்டது. "அக்கா, அது அவங்க குடுத்தது. நான் ஒண்ணும் குடுக்காம வாங்கினா, எனக்கு வந்த பரிசு மாதிரியே இல்லையே."

நில்லும்மா

பங்குனியில் அந்த அப்பாவுக்குப் பிறந்தநாள் வந்தது. இந்த முறை மகள் அனுப்பியது தலையில் மாட்டுகிற டார்ச். விடிவதற்கு முன்னால் மடை பார்க்கப் போகிற மனிதர், ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் லைட் என்று தடுமாறுவாராம்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், உள்ளே போனார், நோட்டோடு வந்தார். எனக்கு அந்தக் கூத்தாநல்லூர்ப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். நான் கையை நீட்டவில்லை. "பரிச வாங்கினவங்க குடுத்தாத்தான்யா அது டிப்ஸ். நீங்கதான் வாங்கலையே, எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றேன். மோர் கொண்டுவந்தார். நாக்கு வறண்டு கிடந்தது. அதையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் ஏறிவிட்டேன். மறுபடியும் அந்த மகளுக்குப் போன் செய்யாமல் இருக்க என்னால் முடியாது.

"நில்லும்மா" என்றார். பெட்டியை வாங்கிப் பிரித்தார். டார்ச்சைத் தலையில் மாட்டி, பட்டப்பகலில் எரியவிட்டுப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் மோரைக் குடித்து முடிப்பதற்குள், வயலில் எடுத்த புது உளுந்தை இரண்டு பைகளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நெற்றியில் விளக்கு எரிந்தபடியே இருந்தது. "ஒரு பை ஒனக்கு. இன்னொண்ணு... ஒங்க கடைல இங்கேர்ந்து கோயம்புத்தூருக்கும் அனுப்புவீங்களா?"

போனில் மகள் அழுது முடிக்கிற வரைக்கும் வெயிலில் நின்றவள் நான். அந்தப் பையை அவள் வாசலில் கொடுத்து டிப்ஸ் வாங்கிக்கொண்டு போனது யாரோ!