பேஸ்மென்ட் பார்க்க வந்தவர்

இவர், என் கணவர், இறந்து நான்கு மாதம். சென்ட் லோரன்ட் பகுதியில் உள்ள எங்கள் வீட்டை விற்கிறேன்.

இன்று ஓர் இளம் சோடி வாங்க வந்தது. வாங்குமுன் வீட்டைப் பரிசோதிப்பவரையும் வீடு விற்றுத் தரும் ஏஜென்டே கூட்டி வந்தார். நாங்கள் இதை வாங்கியபோதும் இதே ஏஜென்ட் கூட்டி வந்த அதே பரிசோதகர். “எங்கட ஆள்தானே” என்று என் கணவர் அன்று வேறு யாரையும் தேடவில்லை.

பத்து நிமிடத்தில் பரிசோதகர் கீழே நிலவறையான பேஸ்மென்டிலிருந்து ஏறி வந்தார். “ஈரமே இல்லை, பயப்பிடாதேங்கோ.” அன்றும் இதையேதான் சொன்னார்.

பனி உருகும்போதெல்லாம் அங்கே தண்ணீர் அள்ளியவர் என் கணவர். கடைசி வருடம் இருமி இருமி அள்ளினார்.

வாங்க வந்த பெண் பிள்ளைத்தாச்சி. “பிள்ளை, கீழ அந்த அலுமாரியைத் தள்ளி அரக்கிப்போட்டுச் சுவரைப் பாருங்கோ” என்றேன்.

“அக்கா, உங்கட வீட்டைத்தானே விக்கிறம்?” ஏஜென்ட் பல்லைக் கடித்தார்.

“ஓம் தம்பி. அதுதான் எனக்குத் தெரியும்.”

அவர்கள் கீழே போய்ச் சுவரில் ஈரக் கறையைப் பார்த்துவிட்டு, வாங்காமலே போய்விட்டார்கள். வீடு இனி எப்போது விலைபோகுமோ.

உங்கள் வீட்டைப் பரிசோதித்தவரை யார் கூட்டி வந்தது?