ஆளு பங்களா

என் கணவருக்கு ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை. பெரும்பாலும் நைட் ஷிப்ட்தான். விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் வந்து படுத்தால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். என் வேலையோ போனில் பேசுவது. தமிழ்நாட்டில் யார் வீட்டு மிக்சி ஜார் ஒழுகினாலும், பிளேடு சுற்றாவிட்டாலும், பெங்களூரு கம்பெனியின் சார்பாக வீட்டிலிருந்தே நான்தான் பதில் சொல்ல வேண்டும். குருபரப்பள்ளிப் பக்கம் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் இருந்தது ஒரே அறை. தூங்குகிறவர் கட்டிலில், பேசுகிறவள் அடுப்புப் பக்கத்தில். எங்களுக்கு இப்படி ஜோடிப் பொருத்தம் பார்த்த ஜோசியர் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

அதனால் கிசுகிசுத்தே பேசிப் பழகினேன். "ஏம்மா, தொண்டையில ஆபரேசனா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் நான் ஆஸ்பத்திரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, மிக்சியை மறந்து என் உடம்பை விசாரித்தார். சிரிக்கத் தோன்றும், சிரிக்கவும் வழியில்லை. கடைசியில் என் மேலதிகாரி போன் செய்தார். "நீங்க பேசுறது யாருக்கும் கேக்கலன்னு தொடர்ந்து புகார் வருது. மாசக் கடைசிக்குள்ள சரியான இடம் பாத்துக்குங்க. இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவோம்" என்றார். அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடி அழுதேன். அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். கம்பெனி யூனிபார்ம் தைப்பவள், சூளகிரிப் பக்கத்துக்காரி, வீட்டில் கன்னடம் பேசுகிறவள். மோட்டார் மெஷின் சத்தத்துக்காக வீட்டுக்காரர் அவளையும் காலி செய்யச் சொல்லியிருந்தார். அவள்தான் கேட்டாள், "ஏன்க்கா, அந்தப் பழைய பங்களா சும்மாதான கெடக்குது? நாம கேட்டா என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, புளியமரங்களுக்கு நடுவில் நின்ற வெள்ளைக்காரன் காலத்துப் பயணியர் பங்களா அது. அந்தக் காலத்து அதிகாரிகள் குதிரையில் வந்து ஓர் இரவு தங்கிப் போவார்களாம். அப்புறம் பஞ்சாயத்து உர மூட்டை போட்டது, அப்புறம் அதையும் விட்டது. ஊரில் அதற்குப் பெயர் 'ஆளு பங்களா'. எங்களைப் போல விருதுநகர், மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் அந்த வழியாகவே போக மாட்டார்கள். உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. வெள்ளைக்காரத் துரையா, தூக்கு மாட்டிக்கொண்ட காவல்காரனா என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு.

"அங்க ஆள் இருக்குன்னு சொல்றாங்களே" என்றேன்.

அவள் முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ அக்கா, அது ஆளு இல்ல, ஹாளு! ஹாளு பங்களா. கன்னடத்துல ஹாளுன்னா பாழாப் போனதுன்னு அர்த்தம். எங்காளுங்க வாயில 'ஹ' நிக்காது, அவ்ளோதான்."

இத்தனை வருடமாக ஓர் எழுத்துக்குப் பயந்து சுற்று வழியில் நடந்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. ஆனால் பஞ்சாயத்துத் தலைவரைப் பார்க்க நடந்துகொண்டே யோசித்தபோது வேறொன்று பிடிபட்டது. நம் பாலு அவர்களுக்கு ஹாலு, நம் பல்லு அவர்களுக்கு ஹல்லு. அப்படியானால் நம் பாழ்தானே அவர்களுடைய ஹாளு? நான் பயந்தது என் சொந்த வார்த்தைக்கு. சாலையோரத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

பஞ்சாயத்துத் தலைவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. லாரி நிறுத்த இடம் கேட்டு யாரோ வந்துகொண்டிருந்தார்களாம். "சரிம்மா, சுத்தம் பண்ணிப் பொழங்குங்க. ஆனா ஒரு செங்கல் யார் தலையிலயாவது விழுந்துச்சு, அன்னைக்கே இடிச்சுருவேன்" என்றார்.

தையல்காரியும் அவளோடு தைப்பவர்களும், எங்களைப் போலவே இடம் தேடிக்கொண்டிருந்த, கம்ப்யூட்டரில் உதிரிபாகப் படம் வரையும் ஒருவரும், ஒரு கொத்தனாரும், நானுமாக இறங்கினோம். உரச் சாக்குகளை இழுத்துப் போட்டோம். வௌவால் எச்சத்தை அள்ளினோம். நாற்றத்தைப் பற்றி எழுதினால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். கூடத்துக்கு மேலே யாரோ எப்போதோ அடித்து வைத்திருந்த மூங்கில் தட்டியைக் கொத்தனார் பிடித்து இழுத்தார். புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம்.

அவ்வளவு உயரத்தில், என் இடுப்பளவு பருமனில் தேக்கு உத்திரங்கள். அவற்றுக்கு மேல் குத்துவாட்டில் அடுக்கிய சின்னச் சின்னச் செங்கற்கள், ஒன்றுகூட வரிசை தப்பாமல். கொத்தனார் மூங்கிலால் ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்த்தார். ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் இறங்கியிருந்தது. "மூலைய மட்டும் சுண்ணாம்பு போட்டுக் கட்டிரலாம். மிச்சமெல்லாம் நமக்கு அப்புறமும் நிக்கும்" என்றார்.

அடுத்து சுவர். நீலச் சாயத்தைச் சுரண்டினோம், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள். எல்லாம் உரிந்ததும் உரித்த முட்டை மாதிரி ஒரு வெள்ளை வந்தது. சுண்ணாம்பில் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சாம். கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்தியது, சுவர் பானைத் தண்ணீராகக் குளிர்ந்தது. ஓர் இரவு தங்கிப் போகிறவனுக்காகவா இப்படி இழைத்திருக்கிறார்கள்? நாங்கள் வருடக்கணக்காகக் குடியிருக்கும் வீட்டில் சுவரைத் தொட்டால் சேலையில் ஒட்டிக்கொள்கிறது. யாரோ முன்பின் தெரியாத கைகள் மேல் எனக்கு அப்போது பெரிய மரியாதை வந்தது. என்னையறியாமல் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன். மற்றவர்களும் விட்டார்கள். அது இன்றுவரை அங்கே வழக்கம்.

கூடம் மெஷின்களுக்கு, தாழ்வாரம் படம் வரைபவருக்கு, மூலை அறை எனக்கு. சுவரின் கனத்தில் மெஷின் சத்தம் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. துள்ளிக் குதித்தேன். சோதித்துப் பார்க்க ஒரு தோழிக்குப் போன் போட்டால், "நீ என்ன கிணத்துக்குள்ள இருந்தா பேசுற?" என்கிறாள். வெறும் அறை, உயரமான கூரை, ஒவ்வொரு வார்த்தையும் எதிரொலித்துத் திரும்பி வந்தது. மாசக் கடைசி நெருங்கிவிட்டது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தையல்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். யூனிபார்ம் துணிச் சுருள்களைத் தூக்கி வந்து, கயிறு கட்டி, நாலு பக்கமும் தொங்கவிட்டாள். "எப்படியும் எங்கயாவது மாட்டணும்க்கா, இங்கயே இருக்கட்டும்" என்றாள். எதிரொலி அடங்கியது.

மறுநாள் முதல் அழைப்பு. தேனிப் பக்கத்து அம்மா ஒருவர். நான் விவரம் சொன்னேன். "கேக்கல தாயி" என்றார். திரும்பச் சொன்னேன். "கேக்கலையே தாயி!" அப்போதுதான் புரிந்தது, யாருமே தூங்காத அறையில் நான் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். சத்தமாகப் பேச நினைத்தாலும் குரல் மேலே ஏறவில்லை. பயந்துபோனேன். தலைக்கு மேல் இருந்த உயரத்தைப் பார்த்தேன், மூச்சை இழுத்தேன், "அம்மா, ஜாரைக் கழட்டி மறுபடி மாட்டுங்க!" என்றேன். வந்தது. கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, என் அம்மாவுடைய குரலைப் போல ஒரு குரல் வந்தது. அந்த அம்மா எதையோ தலைகீழாக மாட்டிவிட்டுச் சிரித்தார். நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

போனை வைத்துத் திரும்பினால் வாசலில் என் கணவர். கையில் சாப்பாட்டுத் தூக்கு, முகத்தில் தூக்கம் கலையவில்லை. ரொம்ப நேரமாக நிற்கிறார் போலிருந்தது.

"யாரோ பேசுறாங்கன்னு வெளியவே நின்னேன்" என்றார். "நீயின்னு தெரியல."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த போன் வந்தது.

"எடு" என்றார் அவர். "நல்லா சத்தமாப் பேசு. நான் கேக்கணும்."