கல்யாணம்னு எழுத மாட்டேன்

ராமுலு மேஸ்திரிக்கு ஒன்பது வருசமாக ஆறாத புண் ஒன்று. ஒழுகுகிற கூரையை மாற்ற பி.எஃப். முன்பணம் கேட்டார். வீட்டுக்குப் பட்டா இல்லை, கிடைக்காது என்றுவிட்டார்கள். "தங்கச்சி கல்யாணம்னு ஒரு பத்திரிகை அடிச்சுக் குடுங்க, பணம் வந்துரும்" என்றார்கள் மில் ஆபீசில். மில்லில் எல்லோரும் போகிற வழி அது, அவரும் போனார். இல்லாத மாப்பிள்ளைக்குப் பேர் வைத்து அடித்த பத்திரிகை சொந்தக்காரர் கைக்குப் போனது. தங்கச்சிக்கு வந்த நிஜ வரன் திரும்பிப் போனது. சொந்தக் காசை எடுக்கப் பொய் எழுத வைத்தவர்களை அவர் மன்னிக்கவே இல்லை.

தொண்ணூற்றாறில் மயிலாத்தாளின் முறை வந்தது. அவருக்குக் கீழே கோன் வைண்டிங்கில் பதினேழு வருசமாக அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தவள். புருசன் இல்லை. மகள் கோகிலவாணிக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பீஸ் கட்டாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு.

டைம் ஆபீஸ் தனபால் பி.எஃப். முன்பணப் படிவத்தைத் தள்ளினான். "கல்யாணம்னு எழுதுங்க்கா. பத்திரிகை நூறு ரூபாய்க்கு அடிச்சுத் தருவாங்க."

"எம்புள்ள படிக்கப் போறா. படிப்புன்னே எழுதுங்க."

"அதுக்கெல்லாம் ரூல் இல்லீங்க்கா."

"ரூலை நீங்க படிச்சீங்களா, இல்ல அதையும் பிரஸ்ல அடிச்சீங்களா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் சம்பளம் போனால் போகட்டும் என்று பி.எஃப். ஆபீசுக்கே போய்க் கேட்டாள். ஏழு வருசம் சந்தா கட்டியவர்கள், பிள்ளை பத்தாவதுக்கு மேல் படிக்கவும் தன் பங்கில் பாதி எடுக்கலாம். படிக்கிற இடத்துச் சான்றிதழும் மில் கையெழுத்தும் போதும். கல்யாணம் இருந்த அதே விதியில்தான் படிப்பும் இருந்தது. மில்லில் விதியைப் பாதி படித்ததோடு நிறுத்திவிட்டார்கள்.

சான்றிதழோடு வந்தவளிடம் தனபால், "வழக்கமில்லாததுக்கு மேனேஜர் கையெழுத்துப் போடமாட்டாருங்க" என்றான்.

"அப்ப இங்கயே நிக்கறனுங்க."

ஷிப்டு மணி அடித்தும் அசையவில்லை. மற்ற பெண்களும் உள்ளே போகவில்லை. ஆள்களை விரட்டி மிஷினில் நிறுத்துவது மேஸ்திரி வேலை. ராமுலு வந்தார், வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஏனுங்க மேஸ்திரி, நீங்களுமா?" என்றான் தனபால்.

"நானுந்தான். போய் வாங்கிட்டு வா சாமி, கையெழுத்தை."

கால் மணி நேரத்தில் கையெழுத்து வந்தது.

பணம் இருபத்தொன்பதாம் தேதி பாங்கியில் விழுந்தது. மறுநாள் காலை மயிலாத்தாள் ராமுலு எதிரே வந்து நின்றாள்.

"ஏனுங்ண்ணா, பீஸை நானே போய்க் கட்டிப்போட்டு வாரேன். அது வரைக்கும் என்ற மிஷினை நீங்க ஓட்டுங்க. முடிச்சை மட்டும் ஒழுங்காப் போடுங்க."