என் அடியந்திரம் யார் கழிப்பது?

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நான்கு வருடம் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்கள் மேல் முன்பெல்லாம் எரிந்து விழுவேன். இப்போது கேட்க ஆளே இல்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நாகர்கோவிலில் என் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டி.வி. ஒன்றுதான். சீரியல்காரிகளிடம் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்வேன்.

போன வருடம் டெபாசிட்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நாமினி அம்மை பேருல்லா இருக்கு. அவங்களுக்கு இப்ப என்ன வயசு ஆவுது?" என்றாள்.

"இருந்தா தொண்ணூத்தொண்ணு."

'இருந்தா' அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அம்மை போய் ஒன்பது வருடம் ஆகிறது. சோம்பலால் மாற்றாமல் விடவில்லை. உறவு என்ற கட்டத்தில் 'தாய்' என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டால் அந்த இடத்தில் எழுத எனக்கு வேறு சொல் கிடையாது. அதுதான் நிஜம்.

ஆனால் அன்றைக்கு ஒரு முடிவோடுதான் போயிருந்தேன். அம்மை படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் திருவட்டாறு பக்கத்தில் இருக்கிற முதியோர் இல்லத்திலிருந்து வாரம் இரண்டு தடவை வேன் வரும். இரண்டு நர்ஸ்மார் இறங்கி, அம்மையைப் புரட்டி, புண்ணைக் கழுவி, தலையும் சீவிவிட்டுப் போவார்கள். ஒரு காசு வாங்கியதில்லை. டெபாசிட், வீடு, என்னிடம் உள்ள எல்லாம் அவர்களுக்குத்தான். அந்த இல்லத்தின் பேரைச் சொல்லி நாமினியாக எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"ஹோமையெல்லாம் நாமினி போட முடியாது மேடம். ஆளுதான் வேணும். நீங்க உயிலு எழுதணும்."

"ஆளு இல்லாததுனாலதான மக்கா ஹோமுக்கு எழுதுகேன்!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது.

எனக்கென்று மிச்சம் இருக்கிற சொந்தம் காலஞ்சென்ற அண்ணனின் மகன். துபாயில் இருக்கிறான். ஊரார் சொல்லி அவன் கேட்க வேண்டாமே என்று நானே போனில் சொன்னேன். கெட்ட பையன் இல்லை. "எல்லாத்தையும் குடுங்க அத்தே, எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஆனா ஒண்ணு கேக்கேன். நாளைக்கு ஒங்க அடியந்திரத்த ஆரு கழிப்பா? ஹோமுல உள்ளவங்களா?" என்றான்.

எங்கள் பக்கம் செத்தவர்களுக்குப் பதினாறாம் நாள் ஊரைக் கூட்டிப் போடுகிற சாப்பாட்டுக்குத்தான் அடியந்திரம் என்று பேர். சொத்தை வாங்குகிறவன்தான் அன்றைக்கு நின்று இலை போட வேண்டும். அதுதான் நடப்பு. "நீ ஒண்ணும் கழிக்காண்டாம், போனை வையி" என்றேன். வைத்தான். அவன் கேட்டது மட்டும் என்னை விடவில்லை. காய் நறுக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அதே நினைப்பு. சாவுக்கு எனக்குப் பயம் இல்லை. எனக்காக ஒரு இலை விழாத அந்தப் பதினாறாம் நாளுக்குப் பயந்தேன்.

இருந்தும் உயிலைப் பதிவு செய்தேன். சாட்சிக்கு இரண்டு பேரை எங்கே தேடுவேன்? பத்திரம் எழுதுகிறவரே டீக்கடையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் கடைசி ஆசைக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், "அம்மா எந்த ஊரு?" என்று கேட்டார்.

உயில் நகலை இல்லத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்த அலுவலகப் பெண் நோட்டில் பேர், வேலை, பிறந்த நாள் எல்லாம் குறித்துவிட்டு, எதிரே 'உயில்' என்று எழுதினாள். கொடுத்தவர்களின் பிறந்த நாளில் பாயாசத்தோடு சாப்பாடு போட்டு, சாப்பாட்டுக்கூடத்துப் போர்டில் பேரையும் எழுதுவது அங்கே வழக்கம். "அன்னைக்கு நீங்க கண்டிப்பா வரணும்" என்றார் வார்டன்.

போனேன். அன்று காலையில் என்னை வாழ்த்தியது வங்கியின் மெசேஜ் மட்டும்தான். புதுச்சேலை கட்டிக்கொண்டு வடசேரியில் பஸ் ஏறி, மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைந்து, பெஞ்சில் உட்கார்ந்து போர்டைப் பார்த்தேன். 'இன்றைய மதிய உணவு: அமரர்' என்று போட்டு என் பேர். இனிஷியல், ஓய்வு பெற்ற டெலிபோன் ஊழியர், எல்லாம் சரியாக இருந்தது. கீழே 'அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திப்போம்.'

நோட்டைப் பார்த்துப் போர்டு எழுதிய அந்த அலுவலகப் பெண்ணைக் குற்றம் சொல்லவும் முடியாது. உயிலில் எழுதிவைத்தவர்களைப் பற்றி அவர்கள் செத்த பிறகுதான் இல்லத்துக்குத் தெரியவரும். நோட்டில் 'உயில்' என்று இருந்தவர்கள் அத்தனை பேரும் செத்தவர்கள். உயிரோடு போய் நகலை நீட்டியவள் நான் ஒருத்திதான். இருந்தாலும் "ஏட்டி!" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் பிரார்த்தனை மணி அடித்தது.

எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். சிலர் கைகூப்பினார்கள், சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கால் நிற்காத ஒரு கிழவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எனக்காக!

அவியல், எரிசேரி, சிறுபயறுப் பாயாசம், மட்டிப்பழம். அடியந்திரச் சாப்பாடேதான். பக்கத்தில் இருந்த கடற்கரை ஊர்க் கிழவி என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"செத்துப்போனவ ஒனக்கு ஆரு மக்கா?"

"தெரிஞ்சவதான்."

"புள்ளைய உண்டா?"

"இல்ல."

"பாவம். நான் அவளுக்கு ஒரு செபம் சொல்லிட்டேன். நல்லா இருக்கட்டும்."

எனக்கு அடக்க முடியவில்லை. கண்ணீர் இலையில் விழுந்தது. அப்போதுதான் உள்ளே வந்த வார்டன் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஐயோ" என்று டஸ்டரை எடுத்துக்கொண்டு ஓடினார். அழிக்க வேண்டாம் என்று இடது கையை ஆட்டினேன். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

கிழவி என் முதுகைத் தடவினாள்.

"அழு மக்கா, அழு. அவளுக்குன்னு அழ நீ ஒருத்தியாவது வந்தியே."