நிறுத்தாமல் வாசித்த கிட்டார்

பகலில் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பாள். சாயங்காலமானால் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் வாசிக்கும் இசைக்குழுவில் பாட்டு எழுதிப் பாடுகிறவன் அவள் கணவன். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்குப் பெயர் குண்டு. ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான்.

ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்தது முளைத்து, கிட்டார்கள் கடலாய் விரிந்துகொண்டே போகிற ஓர் ஆல்பம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கும் கணவனுக்கும் அதுதான் கனவு. "பாதி நேரம் யாருமே பாடலியே, இது என்ன பாட்டு?" என்று மாமியார் கேட்டதற்கு, "அந்த நேரத்துல உங்க மருமக பேசுறாம்மா" என்றான் அவன். அந்த ஒரு பேச்சை வைத்தே அவள் வருஷக்கணக்காக வாழ்ந்துவிட்டாள்.

காலியாகக் கிடந்த அட்டைப்பெட்டிக் கிடங்கில், சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு ஒலிப்பதிவு செய்தார்கள். கடைசிப் பாட்டின் வரிகளை மட்டும் அவன் யாருக்கும் காட்டவில்லை.

"பாடுறப்போ கேட்டுக்கோ" என்றான்.

ஹெட்ஃபோனில் கேட்டாள். அந்தப் பாட்டில், தூங்குகிற மனைவியிடம் தினமும் விடைபெற்றுப் பழகுகிறான் ஒருவன். வேறொரு வீட்டு வாசலில் அவன் செருப்புக்கு இடம் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

அது தன் வீட்டுக் கதைதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவன் பாடி நிறுத்தும் இடத்தில்தான் அவள் கிட்டார் எழ வேண்டும். எழுந்தது. ஒத்திகையில் முடித்த இடத்தையும் தாண்டிப் போனது. குண்டு ஒரு கணம் திகைத்துவிட்டு, அவள் போன வழியெல்லாம் பின்னாலேயே போனான்.

ஓய்ந்ததும், "யாரு அவ?" என்று கேட்டாள்.

"பாட்டுதானே."

"உனக்குக் கற்பனையா எழுத வராது. எனக்குத் தெரியாதா?"

அவன் மைக்கின் கம்பியைச் சுருட்டத் தொடங்கினான். குண்டு மெதுவாக, "அக்கா, வேணும்னா இன்னொரு தடவ எடுக்கலாமா?" என்றான்.

"வேண்டாம்டா. இதவிட நல்லா எனக்கு வராது."

அந்த வாரமே கணவன் வீட்டை விட்டுப் போய்விட்டான். ஆல்பம் வெளிவந்தது. கேட்டவர்கள் எல்லோரும் அந்தக் கடைசி கிட்டாரைத்தான் கொண்டாடினார்கள். அரங்கில் முழு ஆல்பத்தையும் வாசிக்க அழைப்பு வந்தபோது அவள் மறுத்துவிட்டாள். அவளுக்குப் பதிலாக வந்த கிட்டார்காரர், சங்கடத்தோடு அவள் கடைக்கே தேடி வந்தார்.

"அந்த எடம் எனக்குப் பிடிபடவே இல்லைங்க. என்ன நெனச்சு வாசிச்சீங்க?"

"ஒண்ணும் நெனைக்கல. நிறுத்தினா அவர் போயிடுவார்னு தோணிச்சு. அதான் நிறுத்தல."

அவர் தன் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தார். எந்தத் தந்தியில் எந்த விரல் என்று அவள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் கணவன் தொலைபேசியில் அழைத்தான்.

"நல்லாத்தான் வாசிச்சாரு. ஆனா..."

"அந்த ஆனாவ நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பிறகு லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து, அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.