ஒற்றைக் கைக்கு ஒரு பேனாக்கத்தி

மலிவு விலைப் பேனாக்கத்தி செய்கிறவர்கள் ஒருவர்கூடத் தங்கள் கத்தியால் ஒரு கொய்யாப்பழத்தை வெட்டிப் பார்த்ததில்லை என்று நான் அடித்துச் சொல்வேன். பார்த்திருந்தால் வெட்கப்பட்டு வேறு தொழிலுக்குப் போயிருப்பார்கள். போன குளிர்காலம் முழுக்க, வங்காளத்தில் எங்கள் சால்ட் லேக் வீட்டுக்கு அப்படிப்பட்ட கத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. வாங்கியவர் என் கணவர், திட்டியவள் நான். இரண்டு வேலையும் தடையில்லாமல் நடந்தன.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் பிளாக் பூங்காவில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் உண்டு. காலையில் அதில் நாலைந்து கிழவர்கள் கூடி அரசியலும் சர்க்கரை வியாதியும் பேசுவார்கள். எல்லாரும் வங்காளிகள், இவர் ஒருவர்தான் தமிழர். யாராவது ஒருவர் வரும் வழியில் பழம் வாங்கி வருவார். பாருய்பூர் கொய்யா வருகிற காலத்தில் கொய்யா, வெயில் காலத்தில் வெள்ளரி. வெட்டுவது மட்டும் எப்போதும் இவர்தான். சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து, மடியில் செய்தித்தாளை விரித்து, ஒரே அளவாகத் துண்டு போட்டு, கறுப்பு உப்புத் தூவி ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார். மீன் சாப்பிடாத, கால்பந்து பார்க்காத மனிதருக்கு அந்த பெஞ்சில் கிடைத்த இடம் அது. பல வருஷங்களாக அந்த இடத்துக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை.

பிறகு பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பி வந்தது, நடை முக்கால்வாசி வந்தது, வலது கை வரவேயில்லை. கொஞ்சம் தேறியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் பூங்காவுக்குக் கிளம்பினார். அன்றைக்குப் பார்த்து, பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் பையிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தார். வீட்டிலேயே வெட்டிய பப்பாளி. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பல்குத்தும் குச்சி செருகியிருந்தது. "இனிமே தினமும் நானே வெட்டிக் கொண்டுவந்துடறேன் தாதா, நீங்க சிரமப்படக் கூடாது" என்று வங்காளத்தில் பாசமாகச் சொன்னார். தாதா என்றால் இங்கே அண்ணன். பக்கவாதம் வந்த அன்று தன் காரில் இவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர் அவர்தான். அவரை எதுவும் சொல்லிவிட முடியாது.

என் கணவர் இரண்டு துண்டு சாப்பிட்டார், சிரித்தார், வீட்டுக்கு வந்தார். மறுநாள் கிளம்பவில்லை.

"பையில கத்திய வச்சுக்கிட்டு, அடுத்தவன் வெட்டினத குச்சியில குத்தித் தின்னணுமா? ஒரு கையால தொறக்கிற கத்தி ஒண்ணு கிடைக்கட்டும். அப்புறம் போறேன்" என்றார்.

"காய் நறுக்கற கத்திய எடுத்துட்டுப் போங்களேன். தொறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம்."

"காலங்காத்தால கத்தியும் கையுமா தெருவுல போனா பாக்கறவன் என்ன நெனப்பான்?"

அது நியாயம்தான். ஹைதராபாத்தில் இருக்கும் எங்கள் மகன் நல்ல கத்தியாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்றான். விலையைக் கேட்டதும் இவர் போனை என்னிடம் நீட்டிவிட்டார். கொய்யா வெட்டுகிற கத்தி கொய்யாவைவிட ரொம்ப விலை கூடியதாக இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பேனாக்கத்தி என்றால் தொலையும், தொலைந்தால் வயிறு எரியக் கூடாது, அவ்வளவுதான். இதே கொள்கையில் இந்த ஊர் பஸ்களில் அவர் தொலைத்த குடைகளை எடுத்து வைத்தால் ஒரு கடையே திறக்கலாம். ஆனாலும் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

அதனால் மலிவுக் கத்திகள் வர ஆரம்பித்தன. எனக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். அரிவாள்மணையில் பூசணிக்காய் அரிந்து வளர்ந்தவள் நான். கூர் எது, கூர் மாதிரி பளபளப்பது எது என்று பார்த்தவுடன் சொல்வேன்.

முதலில் வந்தது எஸ்பிளனேட் நடைபாதைச் சரக்கு. சிவப்புப் பிடி, அதில் ஒரு வெள்ளைச் சிலுவை. கத்தி, கத்தரிக்கோல், ரம்பம், புட்டி திறப்பான், கார்க் திருகி, காது குடைகிற மாதிரி ஏதோ ஒன்று என எல்லாம் அதற்குள் மடங்கிக் கிடந்தன. எங்கள் வீட்டில் கார்க் வைத்த புட்டி எது இருக்கிறது? இருமல் மருந்துக்குக்கூட இப்போது பிளாஸ்டிக் மூடிதான். கத்தரிக்கோலால் பூக்கட்டுகிற நூலை வெட்டிப் பார்த்தேன், நூல் மடங்கி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ரம்பத்தால் சுரண்டினால் வெண்ணெய் வழுக்கும். இத்தனையையும் விட்டுக் கத்தியை மட்டும் வெளியே எடுக்கலாம் என்றால், நகம் வைக்க ஒரு பள்ளம் போட்டிருக்கிறான், அதில் எறும்பின் நகம்தான் நுழையும். இரண்டு கையும் நன்றாக இருக்கும் எனக்கே நகம் பெயர்ந்தது. என் கணவர் பிடியைப் பல்லால் கவ்விக்கொண்டு இடது கையால் இழுத்துப் பார்த்தார். ரம்பம் வெளியே வந்தது.

அடுத்தது ஆன்லைன். அது கன்னங்கரேலென்று, பட்டாளத்துக்காரன் சட்டை போலக் கோலம் போட்டு, பெரிய பெட்டியில் வந்து இறங்கியது. காட்டில் பிழைக்கலாம், கார் கண்ணாடியை உடைக்கலாம், இருட்டில் நெருப்பு மூட்டலாம் என்று பெட்டி முழுக்க எழுதியிருந்தது. பழம் வெட்டலாம் என்று ஓரிடத்திலும் இல்லை. வாங்கியவர்களின் அபிப்பிராயங்களைப் படித்தேன். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, பெட்டி அழகாக இருந்தது என்கிறார். இன்னொருவர், இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை, ஆனால் நல்ல கத்தி என்கிறார். இவர்களை நம்பித்தான் இந்த நாட்டில் சாமான் வாங்குகிறோம். கட்டை விரலால் தள்ளித் திறக்க அலகில் ஒரு குமிழ் இருந்தது உண்மைதான். ஆனால் அது வலது கைக்காரனுக்கு வைத்த குமிழ். இடது கையில் பிடித்தால் அது உள்ளங்கைப் பக்கம் போய்விடுகிறது. பூட்டும் அப்படியே. இடது கை என்று ஒன்று மனிதனுக்கு இருப்பது அந்த வடிவமைப்பாளனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. என் கணவர் எப்படியோ நெம்பித் திறந்தார். மூட முடியவில்லை. திறந்த கத்தியை மூடித் தரச் சொல்லி என்னிடம் மேஜையில் வைத்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மூடுவதுதான் பேனாக்கத்திக்கு உண்மையான பரீட்சை. திறப்பதைப் பற்றி எல்லாரும் பெருமை பேசுவார்கள், மூடுவதைப் பற்றி ஒருவனும் வாய் திறக்க மாட்டான். ஒரு கையால் மூடும்போது விரல் எங்கே இருக்கும் என்று யோசிக்காமல் செய்த கத்திகளை அந்தக் குளிர்காலத்தில் நிறையப் பார்த்தேன். ஒன்று மூடும்போது அவர் விரலைக் கடித்தது. இன்னொன்றில் ஸ்பிரிங் இடி மாதிரி இறங்கியது. எஃகைச் சொல்லவே வேண்டாம். டப்பா தகரத்தை நசுக்கிக் கத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே "ஸ்டெயின்லெஸ்" என்று பொறித்தும் விடுகிறார்கள், ஒரு எலுமிச்சம்பழம் வெட்டி முடிப்பதற்குள் அது துரு பிடித்துவிடுகிறது.

இப்படியே போனால் மனிதர் வராந்தாவிலேயே உட்கார்ந்து கிழவராகிவிடுவார் என்று எனக்குப் பயம் வந்தது. காலையில் குளித்து, சட்டை மாற்றி, பூங்கா இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்.

கருணாமயி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சீப்பு, ஊக்கு, டீ வடிகட்டி, எலிமருந்து எல்லாம் ஒரே தார்ப்பாயில் பரப்பி விற்கிறவன் ஒருவன் உண்டு. பிசியோதெரபியிலிருந்து திரும்புகிற வழியில் இவர் அங்கே நின்றார். கிளிப்பச்சைப் பிளாஸ்டிக் பிடி போட்ட ஒரு கத்தியைக் கையில் எடுத்தார். நான் பார்த்த கத்திகளிலேயே மட்டமானது அது. அலகு பிடிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. பூட்டு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, ஒரே ஒரு திருகு, அதுவும் தொளதொளவென்று.

"இது கத்தி இல்லீங்க, கிலுகிலுப்பை. வச்சுட்டு வாங்க" என்றேன்.

அவர் இடது மணிக்கட்டைக் கீழ்நோக்கி ஒரு உதறு உதறினார். அலகு தானாக வெளியே வந்து நின்றது. முதுகுப் பக்கத்தைத் தொடையில் வைத்து அழுத்தினார். சாதுவாக மடங்கியது. மறுபடி உதறினார், மறுபடி மடக்கினார். தார்ப்பாய்க்காரன், இவர் கத்தி வாங்குகிறாரா வித்தை காட்டுகிறாரா என்று விழித்தான். திருகு தளர்ந்திருந்ததால்தான் அது திறந்தது. நல்லபடியாகச் செய்திருந்தால் அதுவும் மற்றவை மாதிரி அவரை மதித்திருக்காது. காசை நானே எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடி விளிம்பில் தீட்டிக் கூர் ஏற்றினேன். மட்டமான எஃகுக்கு ஒரு குணம், சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூரும் ஏறும்.

மறுநாள் காலை கொய்யாவை அவரே வாங்கினார். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். உதறினார், திறந்தது. பழத்தைச் செய்தித்தாளில் வைத்து, மரத்துப்போன வலது கையைப் பாரமாக அதன்மேல் போட்டு, வெட்டினார். துண்டுகள் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் இருந்தன. எல்லாரும் வாங்கித் தின்றார்கள், ஒருவர் உப்பு இன்னும் கொஞ்சம் என்று கேட்டார். இவர் அதட்டலாக, சர்க்கரைக்கு உப்பு வேறயா என்றார். பல மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது, ஷால் நுனியால் துடைத்துக்கொண்டேன்.

எல்லாரும் கொய்யாவைப் பார்த்தார்கள். இன்ஜினியர் மட்டும் திருகைப் பார்த்தார். சால்ட் லேக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஓய்வுபெற்ற இன்ஜினியர் இருப்பார், எதிலாவது ஒரு தளர்ந்த திருகைக் கண்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "தாதா, அலகு ஆடுதே, விரலை வெட்டிடும். ஒரு நாள் குடுங்க, சரி பண்ணித் தர்றேன்" என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர் கேட்கும்போது எப்படி மறுப்பது? இவர் கத்தியை மடக்கி பெஞ்சில் வைத்தார். அவர் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

அடுத்த நாள் கத்தி வந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு, திருகை இறுக்கியிருந்தார். ஆட்டம் அசைவு இல்லை. உண்மையில் அப்போதுதான் அது கத்தி மாதிரி இருந்தது.

இவர் உதறினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக உதறினார். பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. மூன்றாவது முறை கையோடு தோளும் சேர்ந்து ஆடியது, கத்தி மட்டும் மூடியே இருந்தது. பக்கத்தில் இருந்தவர், "குடுங்க தாதா, நான் தொறந்து தர்றேன்" என்று கையை நீட்டினார். இவர் கத்தியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்தேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். வீட்டுக்குக் கிளம்பிவிடுவார், இனி எந்தக் கத்தியும் வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர் இன்ஜினியரைப் பார்த்து வங்காளத்தில் சொன்னார். "முன்னாடி இருந்த மாதிரியே மோசமாப் பண்ணிக் குடுங்க."

"மோசமாவா? இப்பத்தானே தாதா சரியா இருக்கு!"

"சரியான கத்திக்கு ரெண்டு கை வேணும். எனக்கு ஒண்ணுதான் இருக்கு."

வீட்டில் என்னிடம்கூட அவர் அதை அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. இன்ஜினியர் கத்தியைப் பார்த்தார், அந்த வலது கையைப் பார்த்தார், முகம் சுண்டிப்போனது. ஸ்க்ரூட்ரைவர் வீட்டில் இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். வாழ்க்கை முழுக்கத் திருகுகளை இறுக்கிய அந்தப் பெரிய மனிதர், ஒரு கிளிப்பச்சைக் கத்தியைக் கெடுப்பதற்காக, மப்ளர் ஒரு பக்கம் தொங்க, செருப்பு தேய ஓட்டமும் நடையுமாகப் போனார். அவர் வீடு பூங்காவின் அந்தக் கோடியில் இருந்தது.

பெஞ்சில் செய்தித்தாளின் மேல் கொய்யா முழுசாகக் கிடந்தது. அவர் திரும்பி வரும்வரை ஒருவரும் அதைத் தொடவில்லை.