நிமிஷத்துக்கு முப்பது சுற்று

என் சிநேகிதியின் அண்ணன் கப்பலில் என்ஜினீயர். போகிற துறைமுகத்திலெல்லாம் இங்கிலீஷ் பாட்டு இசைத்தட்டு வாங்குவார். லீவில் வரும்போது அவற்றை தி. நகர் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, பாட வைக்கும் பெட்டியை மட்டும் கப்பலுக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவள் வீட்டில் முப்பத்தெட்டு இசைத்தட்டுகள் இருந்தன, கேட்க வழியில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய ரேடியோகிராம் இருந்தது. அதில் அம்மா வாங்கி வைத்திருந்த கச்சேரி ரெக்கார்டுகள் ஏழெட்டுதான் ஓடின. நாங்கள் இருவரும் கல்லூரியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எழுபதுகளின் தொடக்கம் அது.

ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் அவள் ஒரே ஒரு இசைத்தட்டோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவள் அப்பாவுக்கு பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. அந்தக் கடைப் பையில்தான் தட்டு வரும். பார்க்கிறவர்களுக்கு யாரோ புடவை எடுத்து வந்த மாதிரி இருக்கும். வாரம் ஒன்று, இரண்டு பக்கமும் முழுசாக, பிடிக்காத பாட்டையும் தாண்டக்கூடாது, ஒரு பக்கம் முடிகிற வரை பேசக்கூடாது. இதெல்லாம் அவள் போட்ட சட்டங்கள். சில நாட்கள் கிதாரும் முரசும் ஜன்னல் கம்பியை அதிர வைக்கும். சில நாட்கள் ஒருவர் தனியாக உட்கார்ந்து, பக்கத்து வீட்டு விஷயம் சொல்வதுபோலப் பாடுவார். இந்த இரண்டாவது வகைதான் எங்களுக்கு உயிர்.

ஒருநாள் முரசு மட்டும் பத்து நிமிஷம் விடாமல் முழங்கியது. அம்மா சமையல் உள்ளிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“தனி ஆவர்த்தனம் நன்னாத்தான் வாசிக்கறான். முடிச்சுட்டுப் பாடறவன் வருவானா, இல்லே அவன் ஆத்துக்குப் போய்ட்டானா?”

சட்டத்தை மறந்து சிநேகிதி சத்தமாகச் சிரித்துவிட்டாள். அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

எங்களுக்கு மிகவும் பிடித்த தட்டுக்கு அட்டை கிடையாது. வெறும் காகித உறைதான், ஆள் படமும் இல்லை. பாடுகிறவர் கனத்த, களைத்த குரலில், ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக இறக்கி வைப்பார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது, நரைத்த தாடி, மனைவி இல்லை என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். காதில் விழுந்த வரிகளை ஒரு நோட்டில் எழுதுவோம். ஓர் இடத்தில் அவர் ‘பருப்பு’ என்றுதான் சொல்கிறார் என்று நான் அடித்துச் சொன்னேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியாமல் அவளும் பருப்பு என்றே எழுதினாள்.

இந்த நிலையில் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி அடையாறில் இருந்த தன் வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டாள். அவள் அப்பா வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். காபி வந்தது, பிறகு பாட்டு வந்தது. எங்கள் பெரியவரின் அதே தட்டு. ஆனால் வேறு யாரோ, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி, மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தான்.

சிநேகிதியால் பொறுக்க முடியவில்லை. “உங்க வீட்டுப் பெட்டி ரொம்ப வேகமா ஓடுது. அவர் இப்படிப் பாடவே மாட்டாரு” என்றாள்.

“எங்கப்பா ஜெர்மனியிலே வாங்கினது இது. இதுல தப்பா?” என்றாள் அந்தப் பெண். முகம் சிவந்துவிட்டது. காபி நன்றாக இருந்தது என்று சொல்லி நான் சமாளித்தேன். பாதிப் பாட்டில் கிளம்பிவிட்டோம்.

பஸ்ஸில் சிநேகிதி வாய் மூடவில்லை. “ஏட்டி, ஜெர்மனின்னா என்ன? நாம எத்தனை தடவை கேட்டிருக்கோம்! நமக்குத் தெரியாதா?”

எனக்கு மட்டும் உள்ளே ஒரு சந்தேகம். தட்டின் நடுவில் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று போட்டிருப்பது ஞாபகம் வந்தது. முப்பத்து மூன்றும் கொஞ்சமும். எங்கள் வீட்டுக்கு வந்ததும், ரேடியோகிராமில் சுற்றுகிற தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினோம். அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்க, நான் எண்ணினேன். முப்பது. அவள் நம்பவில்லை. நான் கடிகாரம் பார்க்க, அவள் எண்ணினாள். அப்போதும் முப்பதுதான்.

மெதுவாக ஓடிக் குரலைக் கனக்க வைத்தது எங்கள் பெட்டிதான்.

விஷயத்தைக் கேட்ட அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. “அதானே! என் ரெக்கார்டுல பாடறவாளுக்கெல்லாம் ஜலதோஷம் பிடிச்சாப்பலேயே இருக்கும்.”

“ஏம்மா சொல்லலே?”

“பெட்டிக்கும் வயசாச்சு, பாவம்னு விட்டுட்டேன்.”

திங்கட்கிழமை சிநேகிதி நேராக அடையாறுப் பெண்ணிடம் போனாள். “தப்பு எங்க பெட்டிலதான்” என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். நாங்கள் கிளம்பியதும் அவளும் சந்தேகப்பட்டு, அப்பாவை உட்கார வைத்துச் சுற்றுகளை எண்ணினாளாம்!

லஸ் பக்கத்திலிருந்து ரேடியோ ரிப்பேர்காரர் வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்து, “ரப்பர் வீலு தேஞ்சு பூட்சிம்மா. அதான் சோம்பேறி மாரி சுத்திக்கினு கீது” என்றார். புது வீல் போட்டார். முதல் பாட்டு தன்னுடையதுதான் என்று அம்மா தன் ரெக்கார்டைப் போட்டாள். ஜலதோஷம் போயிருந்தது. அவளும் கூடவே பாடினாள்.

பிறகு எங்கள் தட்டு. ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு இருபத்திரண்டு வயதாகியிருந்தது. தாடி இல்லை, துக்கம் பாதியாகிவிட்டது. ஒரு பக்கம் முடியும்வரை நாங்கள் பேசவில்லை. ஊசியைத் தூக்கியதும் சிநேகிதி சொன்னாள்: “நம்மாளு போய்ட்டாருட்டி. இது அவரு மவன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் இருந்தது. அப்போது அவளுக்கே ஒன்று தோன்றியது. அதுவரை இருபத்தாறு தட்டு கேட்டிருந்தோம். அத்தனையும் தப்பு வேகத்தில். “அப்போ ஒண்ணையும் நாம இன்னும் சரியா கேக்கவே இல்லைல்லா?” என்றாள், பரிசு விழுந்தவள் மாதிரி.

அடுத்த சனிக்கிழமை முதல் தட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். அடையாறுப் பெண்ணும் வந்து, கூடத்தில் எங்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.